மறுமொழி: ‘மார்பிள் ஷூட்டர்’ வகைக்குத் தமிழ்க் கலைச்சொல்

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

‘மார்பிள் ஷூட்டர்’ என்னும் கணினி ஆட்ட வகைக்கு நண்பர் முன்வைத்த ‘கோலிச்சுடல்’ என்ற சொல்லை ஏற்கத் தயங்குகிறேன். இவ்வகையில் பலரும் ஆடிய சூமாவை வைத்தே காரணம் சொல்கிறேன்.

பாப்கேப் நிறுவனம் 2003இல் வெளியிட்ட சூமாவின் நாயகன் ஒரு கல் தவளை. அது இருந்த இடத்திலேயே சுழன்று, வளைந்து செல்லும் பள்ளத்தில் உருண்டு வரும் வண்ணக் கோலிச் சரத்தின் மீது தன் வாயிலிருக்கும் கோலியை உமிழ்கிறது. அடுத்து வரவிருக்கும் கோலியின் நிறம் அதன் முதுகில் தெரியும். ஒரே நிறத்தவை மூன்றோ அதற்கு மேலோ அடுத்தடுத்து அமைந்தால் மறைந்துவிடும். சரம் மண்டையோட்டின் வாய்க்குள் புகுந்தால் ஓர் உயிர் போகும்.

சுடுதல் என்றால் குண்டு செலவாகும், பட்டது சேதமாகும். இங்கோ நிறம் பொருந்தாத கோலி சரத்தில் செருகிக்கொண்டு அதை இன்னும் நீளமாக்குகிறது. சரத்தில் படாமல் திரைக்கு வெளியே போன கோலியால் அந்தத் தொல்லைகூட இல்லை. மறைந்த இடைவெளியின் இருபுறமும் ஒரே நிறம் நின்றால், முன்னே சென்ற பகுதி பின்னோக்கி இழுபட்டு வந்து ஒட்டுவதையும், ஒட்டியவை மூன்றானால் மீண்டும் மறைவதையும் ஆடியவர்கள் அறிவார்கள். தவளை செய்வது அழிப்பது அன்று, சேர்ப்பது. ‘சுடல்’ துப்பாக்கி ஆட்டங்களுக்கே இருக்கட்டும்.

மற்றொரு நண்பர் ‘எய்’ என்பதைப் பரிந்துரைத்தார். பொருள் சரிதான், ஆனால் ‘எய்யாட்டம்’ என்று புணர்ந்தால் எய்யாத ஆட்டம் என்று படிக்க நேரும், ‘எய்தல்’ என்றாலோ அடைதல் என்ற பொருளும் குறுக்கிடும்.

என் பரிந்துரை ‘ஏவுகோலி ஆட்டம்’. ஏவுகணை வழக்கில் ஊன்றிவிட்டதால் இந்த வினைத்தொகைக்கு விளக்கம் தேவைப்படாது. (ஏவல், பில்லி, சூனியம் நினைவுக்கு வருமே என்று ஒருவர் கேட்கக்கூடும், ஏவுகணைக்கு வராத சந்தேகம் தவளைக்கு மட்டும் ஏன் வரவேண்டும்?) சூமாவுக்கு முன்பே 1998இல் ஜப்பானின் மிட்செல் நிறுவனம் வெளியிட்ட பஸ் லூப்பும் இதில் அடங்கும். டைட்டோ நிறுவனத்தின் 1994ஆம் ஆண்டு ஆட்டமான பஸில் பாபிளில் சின்னஞ்சிறு டைனோசர்கள் குமிழிகளை மேலே அனுப்புகின்றன. அதை ‘ஏவுகுமிழி ஆட்டம்’ எனலாம். பெயர்ச்சொல்லை மாற்றினால் போதும் என்பதே இந்த அமைப்பின் வசதி.

 

‘ஏவுகோலி’க்கு மறுப்பு உள்ளவர்கள் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள், இல்லையெனில் நம் கலைச்சொல் பட்டியலில் சேர்த்துவிடலாம்.

அன்புடன்.