தரவரிசைப் பட்டியலில் ‘விற்பனை’ என்று எதை எண்ணுகிறார்கள்?

கேள்வி: பழந்தட்டு
பிரிட்டனின் சிங்கிள்ஸ் பட்டியலை (தனிப்பாடல்களின் வாராந்தரத் தரவரிசையை) பல ஆண்டுகளாகக் குறிப்பேட்டில் எழுதி வருகிறேன். 1984-இல் வெளிவந்த ‘லாஸ்ட் கிறிஸ்துமஸ்’ பாடல் முதன்முறையாக முதலிடம் பிடித்தது 2021 ஜனவரி 1 அன்று. 1984-இலேயே அதன் இசைத்தட்டை வாங்கியவர்கள் 36 ஆண்டு கழித்து மறுபடி வாங்கியிருக்க மாட்டார்கள். அப்படியானால் எண்ணப்படுவது எது?

பதில்: சுருதிப்பெட்டி
முதற்பட்டியலிலிருந்தே பார்க்க வேண்டும், நண்பரே. 1952 நவம்பர் 14 அன்று அதை வெளியிட்டது நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ் இதழ். அங்கே பணியாற்றிய பெர்சி டிக்கின்ஸ் சுமார் 20 கடைகளுக்குத் தொலைபேசியில் பேசி, எந்தத் தட்டு நன்றாகப் போகிறது என்று கேட்டு, 12 இடங்களை வரிசைப்படுத்தினார். 1969 முதல், தேர்ந்தெடுத்த கடைகளில் விற்ற ஒவ்வொரு தட்டின் எண்ணையும் கையால் எழுதி அஞ்சலில் அனுப்பினார்கள். எந்தெந்தக் கடைகள் என்பது கசிந்துவிட்டால், அங்கே ஆளனுப்பித் தட்டுகளை வாங்கிக் குவித்து ஒரு பாடலை மேலே ஏற்ற முடிந்தது. அந்த முறையின் பெரிய ஓட்டை அதுதான் என்பேன். 1983-இல் கணினிப் பதிவு வந்தது.

பதில்: தாளக்கணக்கு
உங்கள் கேள்விக்கு நேர் விடை 2014 ஜூலையில் இருக்கிறது. அன்று முதல் ஸ்ட்ரீமிங்கும், அதாவது இணையம் வழியே பாடலைக் கேட்பதும், கணக்கில் சேர்கிறது. 2018-இல் வகுத்த விதிப்படி, சந்தா கட்டியவர்கள் 100 முறை கேட்டால் ஒரு விற்பனை. இலவசமாகக் கேட்பவர்களுக்கு 600 முறை. ஒரு பாடல் வாரத்தில் 6 லட்சம் முறை கேட்கப்பட்டால், அது முழுவதும் சந்தாவில் என்றால் 6,000 விற்பனை, முழுவதும் இலவசம் என்றால் 1,000 மட்டுமே. இரண்டு மாதத்துக்கு மேல் பட்டியலில் இருந்துவிட்டுத் தொடர்ந்து 3 வாரம் சரியும் பாடலுக்கு இந்த மதிப்பும் பாதியாகும்.

பழந்தட்டு
பாதியாக்குவது அந்தப் பாடலுக்கு அநீதி இல்லையா?

தாளக்கணக்கு
எனக்கு அது தேவையான விதியாகவே படுகிறது. தட்டு வாங்கியவர் அதை வீட்டில் ஆயிரம் முறை கேட்டாலும் பட்டியலில் ஒரே ஒரு முறைதான் சேர்ந்தார். இன்றோ, கேட்கும் ஒவ்வொரு வாரமும் அவர் மீண்டும் சேர்கிறார். தடை இல்லாவிட்டால் பழைய பாடல்கள் இடத்தை விட்டு நகராது. 2017 மார்ச்சில் பாடகர் எட் ஷீரனின் 16 பாடல்கள் ஒரே வாரத்தில் முதல் 20-க்குள் நின்றன. அதன் பிறகே ஒரு முதன்மைப் பாடகருக்கு 3 பாடல் என்ற வரம்பு வந்தது.

சுருதிப்பெட்டி
நாட்டுக்கு நாடு கணக்கும் வேறு. அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியல் வானொலி ஒலிபரப்பையும் சேர்க்கிறது. ஜெர்மனியில் எண்ணிக்கையை விட்டு, செலவான பணத்தை அளக்கிறார்கள்.

பழந்தட்டு
இருவருக்கும் நன்றி. 1984-இன் முதலிடத்தையும் 2021-இன் முதலிடத்தையும் ஒரே பத்தியில் எழுதி வைத்திருந்தேன். 2014 ஜூலைக்குக் கீழே கோடு கிழித்து, ‘வாங்கியவை’, ‘கேட்டவையும் சேர்ந்தவை’ என்று தனித்தனித் தலைப்பு இடப் போகிறேன்.