புதுப்பிப்பு: வின்செஸ்டரா, மார்லினா? வாங்கியாச்சு

போன மாதம் கேட்டிருந்தேன்: மான் வேட்டைக்கு .30-30 தோட்டா போடும் பழைய லீவர் துப்பாக்கி (விசைக்குக் கீழே உள்ள நெம்புகோலை இறக்கி ஏற்றித் தோட்டா ஏற்றும் வகை) வேண்டும். 1950களின் வின்செஸ்டர் 94-ஐ எடுப்பதா, 1970களின் மார்லின் 336-ஐ எடுப்பதா? "1964-க்கு முந்தைய வின்செஸ்டரை விடாதே, அதற்குப் பிறகு தயாரிப்பை மலிவாக்கிவிட்டார்கள்" என்று பலர் சொன்னீர்கள்.

சனிக்கிழமை இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்தேன். வின்செஸ்டர் மெலிதாக, தோளில் வைத்ததும் தானாகவே உட்காருகிறது. ஆசை வந்தது, மறைப்பானேன்! ஆனால் ஐம்பதைத் தாண்டிய என் கண்ணுக்கு ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) இல்லாமல் ஆகாது. அந்தக் கால 94 காலித் தோட்டாவை மேல்நோக்கி எறியும். நேர் மேலே ஸ்கோப் வைத்தால் இடிக்கும். பக்கவாட்டில் மாட்டத் துளை போட்டாலோ, பழைய துப்பாக்கியின் மதிப்பே போய்விடும். 336 பக்கவாட்டில் தள்ளுகிறது, ஸ்கோப்புக்கான துளைகளும் ஆலையிலேயே போட்டவை.

குழலுக்குள் விளக்கடித்துப் பார்த்தபோது மட்டும் கொஞ்சம் பயந்தேன், தோட்டாவைச் சுழலவைக்கும் உள்வரிகள் தேய்ந்துவிட்டனவோ என்று. அப்புறம்தான் நினைவு வந்தது: மார்லினின் 'மைக்ரோ குரூவ்' குழலில் வரிகள் எண்ணிக்கையில் அதிகம், ஆழம் குறைவு. துரு இல்லை. குழலில், பழைய மார்லின் ஆலையில் செய்ததற்கு அடையாளமான 'ஜேஎம்' முத்திரையும் இருக்கிறது.

சரி, மார்லினையே வாங்கிவிட்டேன். கூர்முனைத் தோட்டா பற்றிக் கேட்டவருக்கு: குழாய் மேகசினில் தோட்டாக்கள் வரிசையாக, ஒன்றின் முனை அடுத்ததன் பிரைமரை (அடியில் உள்ள, அடித்தால் பற்றும் பகுதி) தொட்டபடி நிற்கும்; கூர்முனை என்றால் அதிர்ச்சியில் குத்தி வெடித்துவிடலாம், அதனால் தட்டைமுனை மட்டுமே போடப்போகிறேன். ஸ்கோப் இன்னும் வரவில்லை.