அங்கோர் போரேய் எலும்புக்கூடு: தமிழன் கட்டிய ஃபூனானா?

கடற்காற்று: கம்போடியாவின் தாக்கேவ் மாகாணத்தில் அங்கோர் போரேய். அங்கே வாட் கொம்னூ இடுகாட்டில் கிடைத்த எலும்புக்கூட்டின் மரபணு ஆய்வு 2022-ல் வெளிவந்தது. கி.பி. 1–3ஆம் நூற்றாண்டு. 40 முதல் 50 சதவீதம் தெற்காசிய வம்சாவளி! அந்தப் பக்கத்தில் இருந்த பழைய அரசான ஃபூனானைக் கட்டியவன் தமிழன். இனி என்ன சான்று வேண்டும்?

மண்வெட்டி: படித்ததும் எரிச்சல்தான் வந்தது. ஒரே ஒரு ஆள்! அந்த இடுகாட்டில் கி.மு. 200 வாக்கிலேயே புதைக்கத் தொடங்கிவிட்டார்கள். ஒருவரை வைத்து ஒரு நாட்டுக்கே பட்டா போடுவீர்களா?

கடற்காற்று: ஒருவரானாலும் பாதி ரத்தம், ஐயா.

மண்வெட்டி: தெற்காசியா முழுக்கத் தமிழ்நாடா? மீதிப் பாதி யாருடையது? அதைச் சொல்ல வாய் வரவில்லையே! அங்கே சில குழிகளில் பன்றி மண்டையோட்டையும் சேர்த்துப் புதைத்திருக்கிறார்கள். அதையெல்லாம் பார்க்க மாட்டீர்கள்.

பொன்னி: மணிகளை விட்டுவிட்டீர்களே. கண்ணாடி மணி, சூதுபவளம் எல்லாம் அந்தக் குழிகளில் இருந்தன. நம் பக்கம் அரிக்கமேட்டிலும் கொடுமணலிலும் மணிப் பட்டறைகள் இருந்தன.

மண்வெட்டி: மணி கப்பலேறிப் போகும். வியட்நாமின் பழைய துறைமுகமான ஓக் இயோவில் ரோமப் பேரரசர் அந்தோனினஸ் பயஸின் பதக்கம் கிடைத்தது. அதனால் அது ரோமர் ஊராகிவிடுமா?

கடற்காற்று: இவருக்கு இதே வேலை. கீழடி பற்றிப் பேசியபோதும் இப்படித்தான் குறுக்கே விழுந்தார்.

மண்வெட்டி: கீழடியை ஏன் இழுக்கிறீர்கள்? அங்கே நான் கேட்டது காலக்கணிப்பு. இன்றுவரை நீங்கள் பதில் சொல்லவில்லை.

பொன்னி: தாய்லாந்தின் குவான் லுக் பட்டில் தமிழ் பிராமி பொறித்த, தங்கம் உரசிப் பார்க்கும் உரைகல் கிடைத்ததே, அது?

மண்வெட்டி: தட்டான் போனான், வணிகன் போனான். யார் மறுத்தது? அங்கோர் போரேயில் சுமார் 300 எக்டேரைச் சுற்றிச் செங்கல் மதில். ஓக் இயோ பக்கம் கால்வாய் வெட்டியிருக்கிறார்கள். வானிலிருந்து எடுத்த படங்களில் அந்தக் கோடுகள் தெரிகின்றன. அத்தனை மண்ணையும் சுமந்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள். காலம் பொறித்த மிகப் பழைய கெமர் மொழிக் கல்வெட்டும் அங்கோர் போரேயில்தான், 611-இல். நம் பெருமைக்காக அடுத்தவர் பாட்டன் எலும்பைப் பறிக்காதீர்கள்.

கடற்காற்று: 611 எங்கே, அந்த எலும்புக்கூடு எங்கே? அதற்குள் நானூறு வருடம் போய்விட்டது. பாதி ரத்தத்துக்குப் பதில் சொல்லுங்கள்.

மண்வெட்டி: சொல்லியாயிற்று. ஒரே ஒரு ஆள்.

பொன்னி: தட்டான் என்றால் அவ்வளவு இளக்காரமா? என் தாத்தா பட்டறை வைத்திருந்தவர்.

மண்வெட்டி: அம்மா, நான் தொழிலைக் குறை சொல்லவில்லை. இவர் திசை திருப்பியதற்கு என்னைப் பிடிக்கிறீர்கள்.

கடற்காற்று: திசை திருப்புவது நானா? பாதி ரத்தம்!