சைகோன் சந்துக் கடையில் பான் மீ: சாப்பிட்டவர்கள் சொல்லுங்கள்

நடைவண்டி:

2019இல் வேலை விஷயமாக மூன்று வாரம் வியட்நாமின் சைகோனில் இருந்தேன். காகிதத்தில் ஹோ சி மின் நகரம், ஊர்க்காரர்கள் வாயில் இன்னும் சைகோன்தான். மூன்றாவது டிஸ்ட்ரிக்ட்டில் ஒரு சந்துக்குள் அறை. சந்து முனை வீட்டின் முன்னறையே ஓர் அக்காவுக்குப் பான் மீ கடை. ரொட்டியைக் கீறி உள்ளே அடைத்துத் தரும் வியட்நாம் சாண்ட்விச்தான் பான் மீ. கண்ணாடிப் பெட்டி ஒன்று, கரி அடுப்பு ஒன்று, குழந்தைகள் உட்காருகிற உயரத்தில் நாலு பிளாஸ்டிக் முக்காலி.

நான் முட்டை தின்பேன், கறி கிடையாது. 'சய்' என்றால் சைவம் என்று மனப்பாடம் செய்துகொண்டு போய், "பான் மீ சய்" என்றேன். அக்கா சிரித்துவிட்டார். குரலைக் கீழே அழுத்திச் சொல்லிவிட்டேன் போல. அப்படிச் சொன்னால் அதே சொல்லுக்கு 'ஓடு' என்று அர்த்தமாம். பக்கத்தில் காபி குடித்துக்கொண்டிருந்த பெரியவர், விரலை நேர்கோடாக இழுத்துக் காட்டி, ஏற்ற இறக்கமில்லாமல் சொல்லிக்கொடுத்தார். நாலாவது தடவை தேறினேன். ஆனால் கடையில் சைவம் இல்லை! முட்டை இருந்தது. 'ஒப் லா' என்பார்கள், பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன சொல்.

ரொட்டியைக் கரியில் அரை நிமிடம் புரட்டி, வயிற்றைக் கீறி, மஞ்சள் நிற மயோனைஸ் தடவி, கரு உடையாத முட்டையை உள்ளே தள்ளினார். மேலே நீளவாக்கில் வெள்ளரி, சர்க்கரையும் வினிகரும் போட்டு ஊறிய கேரட், முள்ளங்கி, காம்போடு கொத்தமல்லி, பச்சை மிளகாய், கடைசியாக சோயா சாஸ் நாலு சொட்டு. காகிதத்தில் சுருட்டி ரப்பர் பேண்ட். நம் காசில் நூறு ரூபாய்கூட ஆகவில்லை.

எல்லாரும் உள்ளே வைப்பதைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கென்னவோ சமாசாரம் ரொட்டியில்தான் இருக்கிறது. பாரிஸ் ரொட்டி மேலண்ணத்தைக் கிழிக்கும். இது அப்பளம் மாதிரி நொறுங்கும், உள்ளே பஞ்சு. பேராசைப்பட்டு ஒருநாள் பார்சல் கட்டி ஆபீசுக்குக் கொண்டுபோனேன். பதினோரு மணிக்குப் பிரித்தால் ஊறுகாய்த் தண்ணீர் இறங்கி, ரொட்டி செருப்பு ரப்பர். முக்காலியில் உட்கார்ந்து, சட்டையெல்லாம் தூளாகச் சாப்பிடுவதுதான் முறை.

அப்புறம், பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் ரொட்டி தனி, தட்டில் இறைச்சி தனி. 1954இல் நாடு பிரிந்து வடக்கிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் தெற்கே வந்த பிறகுதான், எல்லாவற்றையும் ரொட்டிக்குள் திணித்துக் கையில் கொடுக்கும் வழக்கம் சைகோனில் பரவியது. 1958இல் தொடங்கிய ஹோவா மா கடை அதே பகுதியில் இன்னும் இருக்கிறது. அங்கே சின்ன வாணலியில் முட்டை பொரியப் பொரிய வரும், ரொட்டி பக்கத்தில். நல்லாத்தான் இருந்தது. ஆனாலும் என் ஓட்டு சந்து முனைக்கே.

மிளகுரசம்:

சைவக்காரர்களுக்கு ஒரு யோசனை. வியட்நாமியரின் சந்திர மாதத்தில் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் பௌத்தர்கள் பலர் சைவம். கிட்டத்தட்ட நம் அமாவாசை, பௌர்ணமி. அன்றைக்கு டோஃபு வைத்த பான் மீ சுலபமாகக் கிடைக்கும். மற்ற நாளில் கேட்காமலே ஈரல் விழுது (பேட்டே) தடவிவிடுவார்கள், கவனம். நான் சாப்பிட்டது த்ருவோங் தின் தெருவில் மாரியம்மன் கோயிலுக்குப் போய்வந்த வழியில். தமிழ் வணிகர்கள் கட்டிய கோயில், ஆனால் ஊதுபத்தியோடு நிற்பவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர்.

கிழக்குவாசல்:

நான் வியட்நாம் போனதில்லை, சிட்னி கப்ரமட்டாதான். 1975க்குப் பிறகு அகதிகளாக வந்தவர்கள் வேர்விட்ட பகுதி. எங்கள் பேக்கரி அம்மா எல்லாரிடமும் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "சில்லி?" என் முகத்தைப் பார்த்ததும் அதையும் கேட்பதில்லை. இரண்டு மிளகாய் கூடவே விழுந்துவிடும்.