லிங்கன் கண்ட கனவு: 1865ஆம் ஆண்டுச் சான்று யாரிடமாவது இருக்கிறதா?

அனைவருக்கும் வணக்கம். பட்டர்வொர்த்தில் படிவம் நான்கு பயிலும் மாணவி ஒருத்தியைத் தமிழ்ப் பேச்சுப் போட்டிக்குத் தயார்செய்கிறேன். ஆபிரகாம் லிங்கன் தம் மரணத்தைக் கனவில் முன்பே கண்டார் என்றுதான் உரையைத் தொடங்கியிருக்கிறாள். வெள்ளை மாளிகையில் அழுகுரல், கிழக்கு அறையில் சவம், காவலுக்கு நிற்கும் வீரர்கள். "இறந்தது யார்?" "அதிபர்தான், கொலை செய்துவிட்டார்கள்." கேட்பவரை உலுக்கும் தொடக்கம். ஆனால் உண்மையா?

இதைச் சொன்னவர் லிங்கனின் நண்பர் வார்ட் ஹில் லாமன். அவரது நினைவுக் குறிப்புகள் நூலாக வந்தது 1895இல், கொலை நடந்து 30 ஆண்டுகள் கழித்து. போர்முனைச் செய்திக்காக இரவு வெகுநேரம் காத்திருந்துவிட்டுப் படுத்தபோது வந்த கனவு என்கிறார். கணக்குப்படி அது ஏப்ரல் தொடக்கம். அப்போது லிங்கனோ வாஷிங்டனிலேயே இல்லை; போர்முனையை ஒட்டிய சிட்டி பாயின்டில் இருந்தார். எனக்கு இந்த இடம்தான் பெரிதாக உறுத்துகிறது.

லிங்கன் கண்டதாகச் சொல்லப்படும் இன்னொரு கனவு, விசித்திரமான ஒரு கப்பலில் வேகமாகக் கரையை நோக்கிச் செல்வது. இந்தக் கப்பல் கனவின் கதை வேறு. கொலை நடந்த ஏப்ரல் 14 அன்று அமைச்சரவையில் லிங்கன் அதைச் சொன்னதாகக் கடற்படை அமைச்சர் கிதியோன் வெல்ஸின் நாட்குறிப்பு கூறுகிறது. அதையும் லிங்கன் சாவின் அறிகுறியாகக் கொள்ளவில்லை. போர்முனையில் இருந்த தம் படைத்தளபதி ஷெர்மனிடமிருந்து நல்ல செய்தி வரும் என்றே நம்பினார்.

சவக் கனவைப் பற்றி 1865இலேயே எழுதப்பட்ட கடிதமோ நாளிதழ்க் குறிப்போ யார் கண்ணிலாவது பட்டிருக்கிறதா? வரலாறு படித்தவர்கள் தயவுசெய்து வழிகாட்டுங்கள். கிடைக்காவிட்டால் கப்பல் கனவை வைத்துத் தொடக்கத்தை மாற்றி எழுதச் சொல்வேன். மேடையில் அந்தப் பிள்ளை சொல்வது உண்மையாக இருக்க வேண்டும்.