525 மடங்கு என்று போட்ட தொலைநோக்கி வாங்கலாமா? உட்லண்ட்ஸிலிருந்து சனி வளையம் தெரியுமா?

உட்லண்ட்ஸ்மலர்:

எல்லாருக்கும் வணக்கம். மகன் தொடக்கநிலை 5 படிக்கிறான். பள்ளி நூலகத்திலிருந்து கிரகங்கள் பற்றிய புத்தகம் ஒன்றை எடுத்து வந்தான், அன்றிலிருந்து வீட்டில் சனி, வியாழன் பேச்சுதான். பிறந்தநாளுக்குத் தொலைநோக்கி வேண்டுமாம். இணையக் கடையில் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், பெட்டியில் பெரிய எழுத்தில் 525 மடங்கு என்று போட்டிருக்கிறது, முக்காலி, இரண்டு மூன்று லென்ஸ், கைப்பேசி மாட்ட ஒரு கவ்வி எல்லாம் சேர்த்தே தருகிறார்கள். விவரத்தில் 76 மி.மீ., 700 மி.மீ. என்று இரண்டு எண்கள் இருக்கின்றன, அவை என்னவென்று புரியவில்லை.

நாங்கள் இருப்பது வீவக (அரசு அடுக்குமாடி) வீடு, 14வது மாடி, மேற்குப் பார்த்த ஜன்னல். சிங்கப்பூர் வெளிச்சத்தில் நிலாவைத் தவிர ஒன்றும் தெரியாது, காசைக் கரியாக்காதே என்கிறார் கணவர். 500 சிங்கப்பூர் வெள்ளி வரை செலவழிக்கலாம். சனியின் வளையத்தை அவன் தன் கண்ணால் பார்க்க வேண்டும், எனக்கு அது போதும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பீடோக்வானம்:

அக்கா, அதை வாங்காதீர்கள். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், அடுத்து எந்தப் பெட்டியைப் பார்த்தாலும் நீங்களே எடை போட்டுக்கொள்ளலாம்.

76 என்பது ஒளியைச் சேர்க்கிற முக்கியக் கண்ணாடியின் விட்டம். 700 என்பது குவியத் தூரம், அதாவது அந்தக் கண்ணாடி எவ்வளவு தள்ளி ஒளியைக் குவிக்கிறது என்பது. நிலாவிலிருந்து வரும் ஒளி அங்கே ஒரு குட்டிப் பிம்பமாக விழும், 700 மி.மீ. என்றால் அந்தப் பிம்பம் வெறும் 6 மி.மீ. அகலம்தான். நாம் கண்ணை வைக்கிற ஐபீஸ், அந்தக் குட்டிப் பிம்பத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிற பூதக்கண்ணாடி, அவ்வளவுதான். குவியத் தூரத்தை ஐபீஸின் எண்ணால் வகுத்தால் எத்தனை மடங்கு என்று வந்துவிடும். 700-ஐ 4 மி.மீ. ஐபீஸால் வகுத்தால் 175. பெட்டியில் 3 மடங்கு பார்லோ லென்ஸ் ஒன்று போட்டிருப்பார்கள், 175-ஐ 3-ஆல் பெருக்கினால் 525. கணக்கு சரிதான், ஆனால் 76 மி.மீ. கண்ணாடி சேர்க்கிற ஒளியும் நுணுக்கமும் அவ்வளவு பெரிதாக்கத்தைத் தாங்காது. விட்டத்தின் ஒவ்வொரு மி.மீ.க்கும் 2 மடங்கு, அதற்கு மேல் போனால் மங்கலும் கலங்கலும்தான். ஆக இதற்கு உச்ச வரம்பு 150 மடங்கு. அதையும் அந்த ஒல்லி முக்காலி ஆடவிடாமல் பிடித்துக்கொள்ளாது, விரல் பட்டாலே சனி துள்ளிக் குதிக்கும்.

அதனால் வாங்கும்போது விட்டத்தைப் பாருங்கள். இருட்டில் முழுதாக விரிந்த கண் பாவை ஏறக்குறைய 7 மி.மீ. இருக்கும். 150 மி.மீ. கண்ணாடி அதைவிட 450 மடங்குக்கு மேல் ஒளியை அள்ளும், நுணுக்கத்தைப் பிரித்துக் காட்டுவதும் அதே விட்டம்தான். என் யோசனை 6 அங்குல, அதாவது 150 மி.மீ., டாப்சோனியன் வகைத் தொலைநோக்கி. உள்ளே இருப்பது நியூட்டன் 1668-ல் செய்த அதே அமைப்பு, அடியில் குழிந்த கண்ணாடி, மேலே சாய்ந்த சின்னக் கண்ணாடி, பக்கவாட்டில் ஐபீஸ். முக்காலிக்குப் பதிலாக தரையில் உட்காருகிற ஒரு மரப்பெட்டி. ஆடாது, பையன் கையாலேயே மேலும் கீழும், இடமும் வலமும் தள்ளிப் பார்ப்பான். புதியது கொஞ்சம் கூட வந்தாலும், பழைய பொருள் விற்கிற கேரசல் தளத்தில் தேடினால் உங்கள் பட்ஜெட்டில் கிடைக்க வாய்ப்பு உண்டு.

ஜூரோங்பயணி:

உங்கள் கணவர் சொல்வதில் பாதி உண்மை. 2016-ல் வெளியான உலக ஒளிமாசு வரைபடத்தில் உலகிலேயே மோசமான நாடு சிங்கப்பூர்தான். இங்கே வானம் எவ்வளவு வெளிச்சமென்றால் கண் முழுதாக இருட்டுக்குப் பழகுவதே இல்லை. பால்வீதி, மங்கலான விண்மீன் மண்டலங்கள் எல்லாம் பார்க்க வேண்டுமென்றால் மலேசியாவில் மெர்சிங் பக்கம் போக வேண்டும், 500 வெள்ளிக்கு எதை வாங்கினாலும் இங்கிருந்து அது நடக்காது.

வாங்குவதற்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை இரவு ஜூரோங் ஈஸ்ட் அறிவியல் நிலையத்தின் வானாய்வகத்துக்குக் கூட்டிப் போங்கள். வெள்ளிக்கிழமைகளில் பொதுமக்களைப் பார்க்க விடுவது அங்கே நெடுநாள் வழக்கம். போகுமுன் அவர்கள் இணையதளத்தில் நேரத்தையும் அன்று திறந்திருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பையனுக்கு ஆர்வம் உண்மையிலேயே நிற்குமா என்று தெரிந்தபிறகு செலவு செய்யலாம்.

கார்த்திகை6:

ஜூரோங்பயணி சொல்வது மங்கலான பொருள்களுக்குப் பொருந்தும். கிரகங்களுக்குப் பொருந்தாது. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே பலர் "சிங்கப்பூர் வானம் வீண்" என்று கேள்விப்பட்டே தொடங்காமல் விட்டுவிடுகிறார்கள்.

சனியும் வியாழனும் நிலாவும் தாமே பிரகாசமானவை, தெருவிளக்கு அவற்றை அழித்துவிடாது. கிரகத்தைப் பார்ப்பதற்கு எதிரி மேலே இருக்கிற காற்றின் கொதிப்புதான். நாம் நிலநடுக்கோட்டுக்கு ஒன்றேகால் டிகிரி வடக்கே இருக்கிறோம். குளிர்நாட்டுக்காரர்கள் தலைக்கு மேலே அதிவேகக் காற்றோட்டம் ஓடும், அதில் பிம்பம் நடுங்கும். நமக்கு அந்தத் தொல்லை குறைவு, காற்று அசையாமல் நிற்கிற இரவுகள் நிறைய. இன்னொன்று, கிரகங்கள் போகிற பாதை நமக்கு எப்போதும் வானத்தில் உயரத்தில்தான் இருக்கும். ஐரோப்பாவில் பல வருஷங்கள் சனி கூரை ஓரத்தில் தவழ்ந்துகொண்டு போகும். இங்கே நிமிர்ந்து பார்க்கிற உயரத்துக்கு வந்துவிடும், ஒளி கடந்து வர வேண்டிய காற்றும் குறைவு. சிங்கப்பூரில் வீட்டுக் கீழே நின்று எடுக்கிற வியாழன் படங்களில் பட்டைகளும் செம்புள்ளியும் அவ்வளவு துல்லியமாக விழுவது இதனால்தான்.

வடக்கு, தெற்கு இரண்டு பக்க வானமும் நமக்குக் கிடைக்கிறது. மே, ஜூன் மாதங்களில் முன்னிரவில் தெற்கே பாருங்கள், தெற்குச் சிலுவையும் ஆல்ஃபா சென்டாரியும் நிற்கும். வெறுங்கண்ணுக்கு ஒரே நட்சத்திரமாகத் தெரிகிற ஆல்ஃபா சென்டாரி சின்னத் தொலைநோக்கியிலேயே இரண்டாகப் பிரியும். என் மகளுக்கு சனியைவிட அதுதான் பிடித்தது.

ஆனால் மலர் அக்காவுக்கு ஜன்னல் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். ஜன்னலிலிருந்து பார்க்காதீர்கள். கிரகம் உயரத்தில் இருக்கும்போது கூரை மறைக்கும், கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால் பிம்பம் இரண்டு மூன்றாகத் தெரியும், கதவைத் திறந்தாலோ வீட்டு வெப்பக் காற்று வெளியே ஓடுகிற வழியில் பார்க்கிறீர்கள், கலங்கும். எதிர் புளோக்கில் இருப்பவர்களுக்கு தொலைநோக்கி அவர்கள் வீட்டைப் பார்ப்பதுபோலத் தோன்றும், அதுவும் வேண்டாத வம்பு. கீழே புல்வெளிக்குக் கொண்டுபோவதுதான் நல்லது. கார் நிறுத்துமிடத்தின் மேல் தளமும் பரவாயில்லை, ஆனால் பகல் முழுக்கச் சூடேறிய கான்கிரீட் இரவு 9 மணிக்கும் அனல் விடும்.

உட்லண்ட்ஸ்மலர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கணவரிடம் வாசித்துக் காட்டினேன், கிரகங்கள் பற்றிய பகுதியைக் கேட்டதும் கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறார்.

சில சந்தேகம். 6 அங்குலம் என்றால் எவ்வளவு கனம்? லிஃப்டில் இறக்க எனக்கு முடியுமா? சனி எவ்வளவு பெரிதாகத் தெரியும்? புத்தகத்தில் இருப்பதுபோல் வண்ணமாக வருமா? கைப்பேசியைத் தட்டினால் தானே தேடிப் படமெடுக்கிற தொலைநோக்கி இப்போது வந்திருக்கிறது என்கிறாள் தங்கை, அது எப்படி?

பீடோக்வானம்:

6 அங்குல டாப்சோனியன் பெட்டியோடு சேர்த்து 15 கிலோ அளவில் வரும். குழாய் தனி, பெட்டி தனி, இரண்டு நடையாக லிஃப்ட் வரை கொண்டுவரலாம், மடக்குகிற தள்ளுவண்டி இருந்தால் ஒரே நடை. அது சிரமம் என்றால் மேசைமேல் வைக்கிற சின்ன டாப்சோனியன் இருக்கிறது, 130 மி.மீ. விட்டம், 6 கிலோ அளவு, ஒரு கையில் தூக்கிவிடலாம். வைப்பதற்கு ஆடாத ஸ்டூல் வேண்டும், புல்வெளிக் கல்மேசை இருந்தால் இன்னும் நல்லது. உங்கள் நிலைமைக்கு நான் இப்போது இதையே சொல்வேன், தூக்க அலுப்பாக இருக்கிற தொலைநோக்கி அலமாரிமேல் போய்விடும்.

ஈக்குவடோரியல் மவுண்ட் என்று ஒரு வகைத் தாங்கியை யாராவது விற்க வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராக வைத்துப் பழக வேண்டும். நமக்குத் துருவ நட்சத்திரம் அடிவானத்தோடு ஒட்டிக் கிடக்கிறது, கட்டடத்துக்குப் பின்னால், ஒருநாளும் கண்ணில் படாது.

சனியின் அளவு: 120 மடங்கு வைத்தால் சனியின் உருண்டை வெறுங்கண்ணுக்கு நிலா தெரிகிற அளவில் இருக்கும், அதைச் சுற்றி வளையம். சின்னதுதான், ஆனால் விளிம்பெல்லாம் கூர்மையாக, கறுப்புப் பின்னணியில் தனியாக நிற்கும். நிறம் வெளிர் மஞ்சள். பக்கத்தில் ஒரு புள்ளியாக சனியின் நிலாவான டைட்டன். ஒன்றை மட்டும் பையனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், 2025 மார்ச்சில் வளையம் விளிம்பு மட்டும் தெரிகிறபடி நமக்கு நேராக வந்தது, அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விரிந்துகொண்டு போகிறது, 2032 வாக்கில் முழுச் சாய்வு. புத்தகப் படத்தில் இருக்கிற அகலத்தை இப்போதே எதிர்பார்க்க வேண்டாம். வருஷா வருஷம் வரைந்து வைத்தால் அவன் உயர்நிலைப் பள்ளி முடிப்பதற்குள் வளையம் விரிந்த வரலாறே கையில் இருக்கும்.

பூமி சுற்றுவதால் 120 மடங்கில் கிரகம் ஒன்றரை நிமிஷத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் ஐபீஸைக் கடந்து போய்விடும், மெல்லத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். எப்போதும் 25 மி.மீ. ஐபீஸில் தேடி, நடுவில் கொண்டுவந்து, பிறகு அதிக மடங்கு தருகிற சின்ன எண் ஐபீஸுக்கு மாற்றுங்கள். ஃபைண்டரை, அதாவது குழாய்மேல் இருக்கிற குறிபார்க்கும் கருவியை, சாயங்காலமே சரிசெய்துவிடுங்கள், தூரத்தில் நிற்கிற ஒரு கிரேன் உச்சியை ஐபீஸில் பிடித்து, ஃபைண்டரின் சிவப்புப் புள்ளி அதே உச்சியில் விழும்வரை திருகைத் திருப்புங்கள். இதைச் செய்யாமல் இரவில் தேடினால் சனியைக் கண்டுபிடிக்கவே முடியாது, பையன் அழுதுவிடுவான்.

ஆலங்காயத்துக்காரன்:

வண்ணம் பற்றி நான் சொல்கிறேன் மா. மங்கலான வெளிச்சத்தில் நம் கண் நிறம் பிரிக்காது. ஓரியன் நெபுலா என்கிற வாயு மேகம், மிருகசீரிடம் திருவாதிரைப் பக்கம் இருக்கிறதே, அதை ஐபீஸில் பார்த்தால் சாம்பல் நிறப் புகை, நடுவில் நெருக்கமாக நான்கு நட்சத்திரம். கேமரா நிமிஷக்கணக்கில் ஒளியைச் சேர்த்து வைக்கும், அதனால்தான் அதில் சிவப்பு வருகிறது. உங்கள் தங்கை சொல்கிற வகையும் அதே வேலையைத்தான் செய்கிறது. 50 மி.மீ. லென்ஸ்தான், ஆனால் பத்து விநாடிப் படங்களை எடுத்து எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும், சிங்கப்பூர் வெளிச்சத்திலும் நெபுலா வரும். அதில் கண் வைக்க இடமில்லை, எல்லாம் திரையில்தான், கிரகமும் சின்னதாகத்தான் விழும். "தன் கண்ணால்" என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் அது உங்களுக்கு வேண்டாம்.

எனக்கு ஊர் காவலூர் பக்கம். ஜவ்வாது மலையில் இருக்கிற வைணு பாப்பு தொலைநோக்கியின் கண்ணாடி 2.34 மீட்டர், ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியின் கண்ணாடி 2.4 மீட்டர். அளவில் ஏறக்குறைய ஒன்றுதான். ஹபிளை 1990-ல் மேலே அனுப்பியதற்குக் காரணம் கண்ணாடியின் அளவு இல்லை, காற்றைத் தாண்டிப் போய்விட வேண்டும் என்பதுதான். உங்கள் பையன் புல்வெளியில் நின்று சனி ஒரு நொடி கலங்கி, அடுத்த நொடி தெளிவதைப் பார்ப்பான் இல்லையா, அந்தக் கலக்கத்தைத் தவிர்க்கத்தான் அவ்வளவு செலவு. விடுமுறைக்கு ஊருக்குப் போனால் காவலூருக்கும் கூட்டிப் போங்கள்.

கார்த்திகை6:

வைத்துப் பராமரிப்பதையும் சொல்லிவிடுகிறேன், இந்த ஊரில் தொலைநோக்கி கெட்டுப்போவது பெரும்பாலும் பூஞ்சையால்தான். ஏர்கான் அறையிலிருந்து நேராகக் கீழே கொண்டுபோனால் கண்ணாடி முழுக்க நீர் கோத்துவிடும். துடைக்காதீர்கள், மூடியைத் திறந்து அரைமணி நேரம் அப்படியே வைத்தால் தானே காய்ந்துவிடும். ஐபீஸ்களை சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். பழையது வாங்கப் போனால் கையில் டார்ச் எடுத்துப் போய்க் கண்ணாடியில் சாய்வாக அடித்துப் பாருங்கள், தூசி இருந்தால் கவலையில்லை, சிலந்தி நூல்போல் கிளைவிட்டுப் படர்ந்திருந்தால் அது பூஞ்சை, வாங்காமல் வந்துவிடுங்கள்.

முதல் இரவுக்கு நிலா நல்லது. பௌர்ணமி வேண்டாம், நிழலே இல்லாமல் தட்டையாக இருக்கும். பாதி நிலா அன்று வெளிச்சமும் இருட்டும் சேர்கிற கோட்டோரம் பாருங்கள், பள்ளங்களின் விளிம்பு நிழலோடு எழுந்து நிற்கும். அப்புறம் ஐபீஸைக் கழற்றிவிட்டு அது இருந்த துளையின் வாயருகே மெல்லிய தாளைப் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்துங்கள், பீடோக்வானம் சொன்ன குட்டி நிலா தாளில் வந்து விழும். தொலைநோக்கி எப்படி வேலை செய்கிறது என்பதைப் பையனுக்குக் காட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

உட்லண்ட்ஸ்மலர்:

130 மேசை டாப்சோனியன் என்று முடிவு செய்துவிட்டோம். பையன் இன்னொன்று கேட்கச் சொல்கிறான், 2019 டிசம்பர் 26 வளைய கிரகணத்தை நாங்கள் அட்டைக் கண்ணாடி போட்டுப் பார்த்தோம், அதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தொலைநோக்கியில் சூரியப் புள்ளி பார்க்கலாமா?

பீடோக்வானம்:

கூடவே கூடாது அக்கா. தொலைநோக்கி குவிக்கிற வெயில் அந்த அட்டைக் கண்ணாடியை நொடியில் பொசுக்கிக்கொண்டு கண்ணுக்குள் போய்விடும், பார்வை திரும்ப வராது. ஐபீஸில் திருகி மாட்டுகிற கறுப்பு சூரிய ஃபில்டர் எந்தப் பழைய பெட்டியிலாவது வந்தால் குப்பையில் போடுங்கள், சூட்டில் வெடிக்கும். சூரியனுக்கென்றே செய்த ஃபில்டர் தாள் கிடைக்கிறது, அதைக் குழாயின் முன்வாய் முழுக்க மூடுகிறபடி, காற்றடித்தாலும் விழாமல் பொருத்த வேண்டும். ஒவ்வொரு முறையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஓட்டை, கீறல் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மாட்ட வேண்டும், ஃபைண்டரையும் கழற்றிவிட வேண்டும். பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். அந்தத் தாள் வாங்கும்வரை தொலைநோக்கியைப் பகலில் மூடிபோட்டு வெயில் படாத இடத்தில் வையுங்கள்.