மறுமொழி: ‘பூஞ்சை வெளிப்பாடு’, ‘சூழல் உணர்திறன்’ – இரண்டும் வேண்டாமே

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

வீட்டுச் சுவரில் படரும் ‘மோல்டு’க்கு ஆளாவதை (மோல்டு எக்ஸ்போஷர்) எப்படிச் சொல்வது, பெயின்ட், வாசனை போன்றவை உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போவதை (என்விரான்மென்டல் சென்சிடிவிட்டி) எப்படிச் சொல்வது என்று தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையை முதலிலிருந்து படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். மடல் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

> மோல்டுக்குப் பூஞ்சை என்பதே போதும், பாடநூலில் இருக்கிறது.

போதாது. பாடநூலில் பூஞ்சை என்பது அந்த உயிர்க்கூட்டம் முழுமைக்கும் பெயர். காளானும் பூஞ்சை, ஈஸ்ட்டும் பூஞ்சை. சுவரில் கரும்புள்ளியாகத் தொடங்கி, இழை இழையாகப் படர்ந்து, தூளாக வித்து உதிர்ப்பது அதில் ஒரு வகை மட்டுமே. அதற்குப் ‘பூசணம்’ என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. கூடவே வினையும் கிடைக்கிறது: பூட்டி வைத்த தோல் செருப்பை மழை விட்டபின் எடுத்துப் பார்த்தால் பூத்துப் போயிருக்கும். சிலர் இதைப் பாசி என்கிறார்கள். பாசிக்கு வெளிச்சம் வேண்டும். அலமாரிக்குப் பின்னால் இருட்டில் வளர்வது பாசியல்ல.

இதோடு சேர்த்து இன்னொன்று. காற்றில் இருப்பது ஈரப்பதம், சுவரில் ஏறுவது ஓதம். இரண்டையும் ‘ஈரப்பதம்’ என்றே எழுதிக் குழப்புகிறோம். வீட்டுக்குள் ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கட்டும் என்பது காற்றைப் பற்றிய அறிவுரை. குழாய் கசிந்து ஓதம் ஏறிய சுவருக்கு அது உதவாது. கசிவை அடைத்தாக வேண்டும், நனைந்ததை ஒன்றிரண்டு நாளுக்குள் உலர்த்தியாக வேண்டும்.

> எக்ஸ்போஷர் = வெளிப்பாடு

‘பூசண வெளிப்பாடு’ என்ற தலைப்பை விஷயம் தெரியாத ஒருவரிடம் காட்டிப் பாருங்கள். எங்கோ பூசணம் வெளியே தெரிந்துவிட்டது என்றுதான் எடுத்துக்கொள்வார். நடப்பதோ நேர்மாறு. வித்துகள் பெரும்பாலும் 2 முதல் 10 மைக்ரான்; தலைமுடியின் தடிமன் சுமார் 70. கண்ணுக்கு எதுவும் வெளிப்படாமலே மூச்சோடு உள்ளே போய்விடுகிறது. ‘ஆட்படல்’ என்றால் பொருள் சரியாக உட்காருகிறது: பூசணத்துக்கு ஆட்படல், ஆட்பட்ட காலம், ஆட்பட்டவர். பக்தி வாடை அடிக்கிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். அடிக்கட்டும், பூசண வாடைக்கு அது தேவலை.

சரி, இப்போது சிக்கலான சொல்லுக்கு வருகிறேன்.

> சென்சிடிவிட்டி = உணர்திறன். சூழல் உணர்திறன் என்று வைக்கலாம்.

‘சூழல் உணர்திறன் உள்ளவர்’ என்றால் மரம் நடுகிறவர் என்று நினைத்துவிடுவார்கள். அதைவிடப் பெரிய குறை அந்தத் ‘திறன்’. படுகிற அவதியைத் திறமை என்று சொல்வது எப்படி?

என் தங்கையை வைத்துச் சொல்கிறேன். வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் முதலில் வாசலில் நின்று இரண்டு மூச்சு இழுப்பாள். பிறகு நேராகப் போய், வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியைத் திறந்து தலையை உள்ளே நீட்டுவாள். மக்கின வாடை வந்தால் மீதி அறைகளைப் பார்க்கவே மாட்டாள். பழைய புத்தகத்தைக் கை எட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்துத்தான் படிப்பு. புதுப் பெயின்ட் அடித்த அலுவலக அறையிலோ, வாசனைத் திரவியம் பூசியவரின் பக்கத்து இருக்கையிலோ அரைமணி நேரம் இருந்தால் அன்றைய நாள் போச்சு: மண்டையிடி, தொண்டைக் கரகரப்பு, படித்த வரியையே திரும்பத் திரும்பப் படிக்கும் மந்தம். “எனக்கு ஒத்துக்காது” என்று அவள் சொன்னால், கேட்பவர் காதில் அது “எனக்குப் பிடிக்காது” என்றுதான் விழுகிறது. அந்த இடைவெளியை அடைக்க நமக்கு ஒரு சொல் தேவை.

அதற்காக ‘ஒவ்வாமை’யையே நீட்டித்துவிடலாம் என்ற யோசனையும் எனக்கு உடன்பாடில்லை. ஒவ்வாமை என்றால் நோயெதிர்ப்பு மண்டலம் காட்டும் எதிர்வினை. தோல் குத்துச் சோதனையிலோ இரத்தத்திலோ அதைத் தேடலாம். பூசண ஒவ்வாமை அந்த வகை. செத்த பூசணமும் அதைக் கிளப்பும். கொன்றால் போதாது, அகற்ற வேண்டும். ஒவ்வாமையே இல்லாதவருக்கும் ஓத வீட்டில் கண்ணும் தொண்டையும் எரியலாம். அதற்கு ‘உறுத்தல்’ போதும். ஓதமும் பூசணமும் உள்ள வீட்டுக்கும் இருமல், இழுப்பு, ஆஸ்துமாத் தொல்லைக்கும் தொடர்பு உண்டு என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் 2009 வழிகாட்டி தெளிவாகவே சொல்கிறது.

பெயின்ட், வாசனை, சலவைத்தூள் எனப் பலதுக்கும் உடம்பு முரண்டு பிடிப்பது வேறு கதை. ‘பல்வேதி’ என்று தொடங்கும் பெயர்களுக்கெல்லாம் மூலமான ‘மல்டிபிள் கெமிக்கல் சென்சிடிவிட்டி’ என்ற ஆங்கிலப் பெயருக்கு 1987இல் மார்க் கல்லன் என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு வரையறை கொடுத்தார். 1996இல் உலக சுகாதார நிறுவனம் சார்ந்த பெர்லின் கூட்டம் ‘வேதி’யை எடுத்துவிட்டு, காரணம் அறியாச் சூழல் தாளாமை என்ற பொருளில் வேறு பெயரை முன்வைத்தது. காரணம் உண்டு: தருவது வேதிப்பொருளா வெறுங்காற்றா என்று தெரியாதபடி மறைத்துச் செய்த சோதனைகளில் பலரால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவதி பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. இன்னது செய்தது என்று பெயரிலேயே தீர்ப்பு எழுத முடியாது, அவ்வளவுதான். நம் சொல்லும் தீர்ப்பு எழுதக் கூடாது.

‘தாங்காமை’, ‘தாளாமை’ இரண்டும் பலவீனத்தை ஆள் மேல் வைக்கின்றன. எனக்குப் பட்டது ‘சேராமை’. “அந்தத் தண்ணி எனக்குச் சேரலை” என்கிறோம். தண்ணீரும் கெட்டதில்லை, ஆளும் நோஞ்சானில்லை, இரண்டுக்கும் சேரவில்லை. ஆகவே என் பரிந்துரை: சூழல் சேராமை. சூழற்சேராமை என்று புணர்ச்சி விதியோடு ஒருவர் வருவார், தெரியும். பிரித்தே எழுதுவோமே.

ஓட்டை ஒன்றை நானே சொல்லிவிடுகிறேன். ‘சூழல் சேராதவர்’ என்றால் யாரோடும் ஒட்டாத ஆள் போல ஒலிக்கிறது. ‘சூழல் சேராமை உள்ளவர்’ என்று சுற்றி வளைக்க வேண்டியிருக்கிறது. இதைவிடச் சுருக்கமாக ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.

அப்புறம், ‘மக்கின வாடை’ என்றேனே, அதற்கு எங்கள் வீட்டிலேயே அம்மா ஒரு சொல், பாட்டி ஒரு சொல் சொல்வார்கள். அலமாரியைத் திறந்ததும் முகத்தில் அடிக்கிற அந்த ஒன்றுக்கு உங்கள் வீட்டில் என்ன பெயர்? அடுத்த மடலில் அதைத் தொகுக்கலாம் என்றிருக்கிறேன்.